ஏழு அங்குலப் பொந்து

அகலம் 182 மில்லிமீட்டர், உயரம் 53 மில்லிமீட்டர். இருபது வருஷத்துக்கு முந்தைய காராக இருந்தால், அது ஜப்பானில் செய்ததோ ஜெர்மனியில் செய்ததோ, டேஷ்போர்டின் நடுவில் பெரும்பாலும் இந்த அளவில் ஒரு பொந்து இருக்கும். ஸ்டீரியோ இல்லாத மாடலை வாங்கியவருக்கு அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி. மூடியைக் கழற்றிவிட்டு எந்தக் கம்பெனி செட்டையும் உள்ளே தள்ளலாம், 'டக்'கென்று கவ்விக்கொள்ளும். ஜெர்மன் தரக் கழகம் (டின்) வகுத்த அளவு இது. 1984இல் ஐஎஸ்ஓ 7736 என்ற எண்ணோடு உலகத் தரமாயிற்று. கடைக்காரர்கள் இன்றும் 'சிங்கிள் டின்' என்றுதான் சொல்கிறார்கள்.

கார் ஸ்டீரியோவின் வரலாற்றை இந்தப் பொந்தை வைத்தே சொல்லிவிடலாம். பொந்து வருவதற்கு முந்தைய காலம், பொந்து இருந்த காலம், அதை அடைத்துவிட்ட காலம். காரில் என்ன பாட வேண்டும், எதில் பாட வேண்டும் என்று கார் வாங்கியவர் தீர்மானித்தாரா, கார் செய்தவர் தீர்மானித்தாரா என்பதும் அதற்கேற்ப மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

தொடக்கத்தில் கார்க் கம்பெனிகளுக்கு இதில் அக்கறையே இல்லை. 1920களில் அமெரிக்காவில் ஆர்வக்கோளாறு பிடித்த சிலர் வீட்டு ரேடியோவைக் காரில் ஏற்றிப் பார்த்தார்கள். வால்வு ரேடியோவுக்கு நூறு வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். அன்றைய கார் பேட்டரி தந்தது 6 வோல்ட். ஆகவே தனியாக உலர் பேட்டரிகளை வாங்கி, காரின் அடித்தளப் பலகைக்குக் கீழே பெட்டியில் அடுக்க வேண்டும். அதற்கும் மேலே ஒரு தொல்லை. ஸ்பார்க் பிளக் ஒவ்வொரு முறை பொறி தட்டும்போதும் ரேடியோவில் 'கடகட'வென்று இரைச்சல் கேட்கும். எஞ்சினை அணைத்துவிட்டு, மரத்தடியில் நிறுத்திக் கேட்டால்தான் பாட்டு.

இந்தத் தொல்லையைத் தொழிலாக மாற்றியவர்களில் முக்கியமானவர் சிகாகோவின் பால் கால்வின். 1928இல் அவர் தொடங்கிய சிறு நிறுவனம், வீட்டு ரேடியோவை பேட்டரி இல்லாமல் நேரே வீட்டு மின்சாரத்தில் ஓட்ட உதவும் கருவிகளைச் செய்துகொண்டிருந்தது. மின்சாரத்திலேயே ஓடும் ரேடியோக்கள் வந்ததும் அந்தச் சரக்கு படுத்துவிட்டது. கூடவே 1929ஆம் ஆண்டின் பங்குச் சந்தைச் சரிவு. வேறு வழியில்லாமல் கார் ரேடியோவில் இறங்கினார். 1930 ஜூனில் அட்லான்டிக் சிட்டியில் ரேடியோ உற்பத்தியாளர்கள் மாநாடு நடந்தது. உள்ளே கடை போட அவரிடம் பணமில்லை. தன் ஸ்டூடிபேக்கர் காரில் ரேடியோவைப் பொருத்தி, சிகாகோவிலிருந்து மனைவியோடு ஓட்டிக்கொண்டே போய், மாநாட்டு மண்டபத்துக்கு வெளியே நிறுத்திச் சத்தத்தைக் கூட்டி வைத்தார். உள்ளே போகிறவர்களும் வருகிறவர்களும் நின்று கேட்டார்கள். ஊர் திரும்பும்போது கையில் ஆர்டர்கள் இருந்தன.

அந்த ரேடியோவுக்கு அவர் வைத்த பெயர் மோட்டரோலா. விலை நூறு டாலருக்குச் சற்று மேல். புது ஃபோர்டு மாடல் ஏ காரே ஐந்நூறு டாலர் சொச்சத்துக்குக் கிடைத்த நாட்கள் அவை. கடன் தரவேண்டிய வங்கிக்காரரை மயக்குவதற்காக அவருடைய பேக்கார்டு காரில் ஒரு செட்டைப் பொருத்தினார்கள் என்றும், அரை மணி நேரத்தில் அந்தக் கார் தீப்பிடித்தது என்றும் மோட்டரோலாவின் வரலாற்றில் ஒரு கதை திரும்பத் திரும்ப வரும். கடன் கிடைக்கவில்லை.

தீப்பிடித்ததில் ஆச்சரியமில்லை, பொருத்தும் வேலை அப்படிப்பட்டது. ரேடியோ ஒரு பெட்டி, ஸ்பீக்கர் இன்னொரு பெட்டி. அலைவரிசை மாற்றும் திருகு ஸ்டீயரிங் தண்டில். அங்கிருந்து பெட்டிக்கு வளையக்கூடிய ஒரு கேபிள். ஏரியலாகக் கூரைத் துணிக்கு உள்ளே கம்பி வலை. இரைச்சலை அடக்க ஒவ்வொரு பிளக்குக்கும் ஒரு ரெசிஸ்டர். கார் மெக்கானிக்குக்கு ரேடியோ தெரியாது, ரேடியோ ரிப்பேர்க்காரருக்குக் கார் தெரியாது. இரண்டும் தெரிந்த ஒருவர் தேவைப்பட்டார். ஃபிட்டர் என்ற அந்த ஆள் பிறந்தது இந்தச் சிக்கலில்தான். கார் ஸ்டீரியோவின் கதையில் பாதி அவருடையது.

ஐரோப்பாவும் பின்தங்கவில்லை. 1932இல் ஜெர்மனியில் வெளிவந்த ப்ளாபுங்க்ட் ஏஎஸ் 5 சுமார் 15 கிலோ எடை, விலை 465 மார்க், ஏறக்குறைய ஒரு காரின் விலையில் மூன்றில் ஒரு பங்கு. அதே வருடங்களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலும் செயின்ட் லூயிஸ் நகரத்திலும் வண்டி ஓட்டுகிறவர்கள் ரேடியோ கேட்பதைத் தடை செய்ய வேண்டும் என்று குரல்கள் எழுந்தன. கவனம் சிதறும், தூக்கம் வரும் என்பது வாதம். தடை நிலைக்கவில்லை. 6 வோல்ட்டை விட்டு விட்டுத் துண்டித்து உயர் மின்னழுத்தமாக மாற்றும் வைப்ரேட்டர் என்ற சிறு கருவி வந்ததும் தரைக்கடியில் இருந்த பேட்டரிப் பெட்டி ஒழிந்தது. ரேடியோ மெல்ல டேஷ்போர்டுக்கு ஏறியது. 1955இல் கிரைஸ்லரும் ஃபில்கோவும் சேர்ந்து வால்வே இல்லாத, முழுக்க டிரான்சிஸ்டரில் ஓடும் கார் ரேடியோவை அறிவித்தன.

ரேடியோவில் நிலையத்தார் போடுவதைத்தான் கேட்க முடியும். தனக்குப் பிடித்த பாட்டைத் தானே போட்டுக் கேட்க வேண்டும் என்ற ஆசைக்குக் கார்க் கம்பெனி தந்த முதல் பதில், இன்று படித்தால் சிரிப்பை வரவழைக்கும். 1956 மாடல் கிரைஸ்லர் கார்களில் டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு கிராமபோன். பெயர் 'ஹைவே ஹை-ஃபை'. வடிவமைத்தவர் சாதாரண ஆளில்லை. சிபிஎஸ் ஆய்வகத்தில் எல்பி இசைத்தட்டை உருவாக்கிய குழுவின் தலைவர் பீட்டர் கோல்ட்மார்க். ஏழு அங்குலத் தட்டு நிமிடத்துக்கு 16⅔ சுற்று மட்டுமே சுற்றியதால் ஒரு பக்கத்தில் முக்கால் மணி நேரத்துக்கு இசை அடங்கியது. குலுக்கலிலும் முள் தாவாமல் இருந்தது என்றே சோதித்தவர்கள் சொன்னார்கள்.

தோற்றது எதனால்? அந்தத் தட்டுகளை கொலம்பியா நிறுவனம் மட்டுமே போட்டது. வீட்டில் இருக்கும் இசைத்தட்டைக் காரில் வைக்க முடியாது, காருக்கு வாங்கியதை வீட்டில் வைக்கவும் பெரும்பாலானவர்களுக்கு வழியில்லை. கொலம்பியாவின் பட்டியலில் நாடகமும் செவ்வியல் இசையும் மேடைப் பாடல்களும் இருந்தன. அப்போது ஊரே முணுமுணுத்துக்கொண்டிருந்த ராக் அண்ட் ரோல் இல்லை. பழுதானால் கிரைஸ்லர் டீலர்களுக்குச் சரிசெய்யத் தெரியவில்லை. சில ஆண்டுகளில் கடையைக் கட்டினார்கள். பாட்டைத் தேர்ந்தெடுக்கும் கருவியை விற்றுவிட்டு, தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொள்ளக் கம்பெனி ஆசைப்பட்டதன் பலன் அது. அதே ஆசை பிற்பாடும் பல வேஷங்களில் வரும்.

அடுத்து வந்தவர் எர்ல் மன்ட்ஸ். 'மேட்மேன்' என்று தன்னைத்தானே விளம்பரப்படுத்திக்கொண்ட கலிபோர்னியாக் கார் வியாபாரி. பழைய கார் விற்றார், மலிவு டிவி விற்றார், தன் பெயரில் ஒரு ஸ்போர்ட்ஸ் காரைக்கூடச் செய்து நஷ்டப்பட்டார். வானொலி நிலையங்களில் விளம்பரம் ஒலிபரப்ப, முடிவில்லாமல் சுற்றும் டேப் அடங்கிய கார்ட்ரிட்ஜ் ஒன்று பயன்பட்டுக்கொண்டிருந்தது. அதையே 1962 வாக்கில் ஸ்டீரியோ இசைக்கு மாற்றிக் காரில் வைத்தார். இசை நிறுவனங்களிடம் உரிமம் வாங்கிக் கேட்பவர் விரும்பும் பாடல்களை கார்ட்ரிட்ஜில் போட்டு விற்றார். ஹாலிவுட் பிரபலங்களின் கார்களில் மன்ட்ஸ் செட் ஏறியது. தொழிற்சாலையில் பொருத்தப்பட்டு வந்ததல்ல எதுவும். எல்லாமே கடையில் மாட்டியவை.

மன்ட்ஸின் பெட்டிகளைப் பார்த்துத் தானும் செய்யத் தொடங்கியவர் பில் லியர், ஜெட் விமானம் செய்த அதே லியர். டேப்பை நாலு தடத்திலிருந்து எட்டு தடமாக்கினார். ஃபோர்டு 1966 மாடல்களில் 8-டிராக் பிளேயரை விருப்பத் தேர்வாக வைத்தது. கருவியைச் செய்தது மோட்டரோலா, கார்ட்ரிட்ஜ்களைத் தந்தது ஆர்சிஏ. வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. ஆனால் 8-டிராக்கில் கேட்பவரைக் கடுப்பேற்றும் ஒரு குணம் உண்டு. டேப் நாலு பகுதிகளாகப் பிரிந்திருக்கும். ஒரு பகுதி தீர்ந்ததும் டேப்பைப் படிக்கும் ஹெட் 'கிளக்' என்று நகர்ந்து அடுத்ததற்குப் போகும். பாட்டு அந்த இடத்தில் முடியாவிட்டால் பாதியில் மங்கி, கிளக், பிறகு மீண்டும் கிளம்பும். ரீவைண்ட் கிடையாது.

அதற்குள் நெதர்லாந்தின் ஃபிலிப்ஸ் 1963இல் பெர்லின் கண்காட்சியில் காசெட்டை வெளியிட்டிருந்தது. அதை வடிவமைத்த குழுவின் தலைவர் லூ ஓட்டென்ஸ், கருவி கோட்டுப் பைக்குள் அடங்க வேண்டும் என்று மரக்கட்டை ஒன்றைச் செதுக்கி அளவு பார்த்தாராம். பின்னாளில் சாலையில் டயர் பஞ்சரானபோது ஜாக்கிக்கு முட்டுக் கொடுக்க அந்தக் கட்டையை வைத்தார், அதோடு அது தொலைந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். காசெட்டின் வெற்றிக்கு அளவைவிடப் பெரிய காரணம், அதில் யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம் என்பது.

எழுபதுகளில் ஜப்பானின் பயனீர், கிளாரியன், ஆல்பைன் போன்றவை கார் ஆடியோவைத் தனித் துறையாக்கின. கார்க் கம்பெனி கொடுத்த ஒற்றை ஸ்பீக்கர் ரேடியோவைக் கழற்றி எறிவது இளைஞர்களுக்குச் சடங்கு மாதிரி ஆனது. அப்போதும் பொந்து ஒவ்வொரு காரிலும் ஒவ்வொரு விதம். பெரும்பாலானவற்றில் வால்யூமுக்கும் டியூனிங்குக்குமாக இரண்டு துளை, நடுவில் ஒரு சன்னல். வாங்கும் செட்டின் தண்டுகள் அந்தத் துளைகளுக்குப் பொருந்தாவிட்டால் ஃபிட்டர் அரத்தை எடுத்து டேஷ்போர்டை ராவ வேண்டும். 182க்கு 53 என்ற அளவு வந்து இந்த ராவலுக்கு முடிவு கட்டியது.

செட் வாங்குகிறவர்கள் பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் வாட்டைப் பார்த்து மயங்குவது அந்தக் காலத்திலேயே தொடங்கிவிட்டது. கணக்கு எளிது. எஞ்சின் ஓடும்போது காரில் கிடைப்பது 14 வோல்ட் சொச்சம். ஸ்பீக்கரின் ஒரு முனையை மட்டும் ஓட்டும் பழைய முறையில், 4 ஓம் கார் ஸ்பீக்கருக்கு ஆறு வாட் போனாலே பெரிது. வீட்டு ஸ்பீக்கர் பொதுவாக 8 ஓம். காருக்கு 4 ஓம் வந்ததே குறைந்த வோல்ட்டில் அதிக மின்சாரத்தை இழுப்பதற்காக. இரு முனையையும் எதிரெதிராக ஓட்டும் முறை வந்தபின் ஏட்டுக் கணக்கில் 26 வாட், நடைமுறையில் இருபது. '50 வாட் x 4' என்று மினுமினுக்கும் எழுத்து கண்மூடித் திறப்பதற்குள் வந்துபோகும் உச்சத்தைச் சொல்வது. அதற்குமேல் வேண்டுமானால் 14 வோல்ட்டை உள்ளேயே உயர்த்திக்கொள்ளும் தனி ஆம்ப்ளிஃபயர் வேண்டும். அரிசோனாவில் ஜிம் ஃபாஸ்கேட் போன்றவர்கள் 1970களில் இதைத்தான் செய்து விற்றார்கள். டிக்கியில் ஆம்ப், பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வைத்த தடித்த வயர், பெட்டியடித்த வூஃபர் என்று இன்றுவரை நீடிக்கும் அமைப்பு அப்போது உருவானதே.

எல்லாக் காருக்கும் பொருந்தும் செட் என்றால் எல்லாத் திருடனுக்கும் பொருந்தும் செட். எண்பதுகளின் நியூயார்க்கில் 'ரேடியோ இல்லை' என்று அட்டையில் எழுதிக் கண்ணாடிக்குள் வைப்பது சகஜம். அதற்குப் பதிலாக, கைப்பிடி வைத்து உருவி எடுத்துப்போகும் செட் வந்தது. பிறகு முகப்பு மட்டும் கழன்று வரும் செட். உணவகங்களில் சாப்பிடுகிறவர் பக்கத்தில் கார் ஸ்டீரியோ ஒன்று உட்கார்ந்திருக்கும்.

தமிழ்நாட்டில் இந்தக் கதை கொஞ்சம் தாமதமாகவும் வேறு ருசியோடும் நடந்தது. கார் என்றால் அம்பாசடர், ஃபியட், சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. வீட்டு ரேடியோவுக்கே தபால் நிலையத்தில் ஆண்டுதோறும் லைசென்ஸ் கட்ட வேண்டியிருந்தது. எண்பதுகளின் நடுவில்தான் அது முழுதாக ஒழிந்தது. வெளிநாட்டு செட் வேண்டுமென்றால் பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கடை போட்ட சென்னை பர்மா பஜார், அல்லது சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வரும் உறவினர். கேரண்டியும் கிடையாது, பில்லும் கிடையாது.

காசெட் இங்கே வந்த நேரமும் பாட்டு மாறிய நேரமும் ஒன்றாக அமைந்தன. 1976இல் 'அன்னக்கிளி'யோடு இளையராஜா வந்தார். 1978இன் 'ப்ரியா' பாடல்களே தமிழில் முதலில் ஸ்டீரியோவில் பதிவானவை என்று பரவலாகக் குறிப்பிடுவார்கள். இடது, வலது என்று பிரித்துக் கேட்க இரண்டு ஸ்பீக்கர் வேண்டுமே. அம்பாசடரின் பின் சீட்டுக்கு மேலுள்ள பலகையில் ஓவல் ஸ்பீக்கர்கள் ஏறின. ஊருக்கு ஊர் ரெக்கார்டிங் சென்டர்கள் முளைத்தன. பாட்டுப் பட்டியலை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் 60 நிமிடக் காசெட்டிலோ 90லோ பதிந்து, அட்டையில் பாட்டின் முதல் வரியை மணிமணியாக எழுதித் தருவார்கள். உரிமம் பற்றி யாரும் பேசவில்லை. கிரைஸ்லர் மறுத்த அந்த உரிமையை, சொந்தப் பாட்டைச் சொந்த வரிசையில் கேட்கும் உரிமையை, திண்டுக்கல் டாக்சி டிரைவருக்குக் கொடுத்தது இந்தக் கடைகள்தாம்.

ஃபிட்டரின் கைத்திறனும் இங்கே தெரியும். ஒரு கடையில் பதிந்த காசெட் இன்னொரு டெக்கில் மந்தமாகக் கேட்கும். பதிந்த ஹெட்டின் கோணமும் பாடும் ஹெட்டின் கோணமும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். ஃபிட்டர் பாட்டு ஓட ஓட, மெல்லிய ஸ்க்ரூ டிரைவரை காசெட் வாய்க்குள் விட்டு, ஹெட்டை ஒட்டியிருக்கும் குட்டித் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்புவார். தாளச் சத்தம் பளிச்சென்று கேட்கும் இடத்தில் நிறுத்திவிடுவார். கருவி ஏதும் கிடையாது, காதுதான்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. ஸ்டீரியோ இல்லாமல் வந்ததே தொழிலுக்கு நல்லதாகப் போயிற்று. ஷோரூமிலிருந்து கோயில், கோயிலிலிருந்து ஆக்சசரீஸ் கடை என்பது புதுக் காரின் வழித்தடம் ஆனது. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு அப்படி வளர்ந்த தெருக்களில் ஒன்று. 1991இன் பொருளாதாரத் தாராளமயத்துக்குப் பிறகு சோனியும் பயனீரும் முறைப்படி கிடைத்தன. எஃப்எம் ஒலிபரப்பு சென்னையில் 1977 ஜூலையிலேயே தொடங்கியிருந்தும், 2003இல் தனியார் நிலையங்கள் வந்த பிறகே கார்க்காரர்கள் அந்தப் பொத்தானைத் தேடினார்கள். ஜப்பானுக்கென்று செய்த செட்டானால் அதிலும் சிக்கல். அங்கே எஃப்எம் அலைவரிசை அன்று 76இலிருந்து 90 மெகாஹெர்ட்ஸ் வரை. நமக்கு 88இலிருந்து 108. ஜப்பானிலிருந்து பழைய கார்கள் வந்திறங்கும் இலங்கையில் இது இன்னும் பெரிய தலைவலி. 'பேண்ட் எக்ஸ்பாண்டர்' என்ற ஒரு தீப்பெட்டி அளவுக் கருவியை ஏரியல் வயரில் செருகி அங்கே சமாளித்தார்கள்.

கார்க் கம்பெனிகளின் பதிலடி வெகுமுன்பே தொடங்கிவிட்டது. வங்காள விடுதலைப் போராளியின் மகனான ஒலியியல் பொறியாளர் அமர் போஸ், ஜெனரல் மோட்டார்ஸோடு சேர்ந்து 1983 மாடல் கேடிலாக் முதலிய கார்களில், அந்தந்தக் காரின் உட்புற வடிவத்துக்கென்றே அளந்து சீராக்கிய ஒலியமைப்பைக் கொடுத்தார். சீட்டின் துணி ஒலியைக் குடிப்பதும் கண்ணாடி திருப்பி அடிப்பதும் கணக்கில் வந்தன. கடைக்காரரால் எளிதில் செய்ய முடியாத வேலை அது. உண்மையைச் சொன்னால், கம்பெனி செட் நன்றாகப் பாடத் தொடங்கியது அங்கிருந்துதான்.

பொந்தை அடைத்தது வேறொன்று. பாஷ் 1986இல் அறிமுகப்படுத்திய கேன் பஸ் வழியே காரின் கருவிகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கின. டேஷ்போர்டில் வந்த திரை பெரிதானது, அதற்குள் ஏசி புகுந்தது, பின்பக்கக் கேமரா புகுந்தது. அமெரிக்காவில் 2018 மே முதல் புதுக் கார்களுக்குப் பின்பக்கக் கேமரா கட்டாயம். திரையைக் கழற்றினால் பாட்டோடு பாதிக் காரும் போய்விடும். போனைத் திரையில் காட்டும் கார்பிளேயும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் கேட்பவருக்குக் கொஞ்சம் பிடியைத் திருப்பித் தந்தன. ஆனால் 2023இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் வருங்கால மின்கார்களில் இரண்டும் இருக்காது என்று அறிவித்தது. ஏஎம் ரேடியோவை நீக்கப்போவதாகச் சொன்ன ஃபோர்டு, எதிர்ப்பு கிளம்பியதும் அதே ஆண்டு மே மாதம் பின்வாங்கியது.

ஃபிட்டர்கள் ஓய்ந்துவிடவில்லை. இந்தியாவில் பல கார்களின் விலை குறைந்த வேரியண்ட்கள் செட் இல்லாமலே வந்துகொண்டிருப்பதால் ஆண்ட்ராய்டு திரைகளுக்கு வியாபாரம் இருக்கிறது. திரையோடு வரும் கார்களில் அதைத் தொடுவதில்லை. கதவைத் திறந்து, ஸ்பீக்கர் வயர்களில் ஒரு பென்சில் பேட்டரியைத் தொட்டுப் பார்ப்பார்கள். கோன் வெளியே துள்ளினால் பிளஸ் எது என்று தெரிந்துவிடும். தகரம் அதிராமலிருக்க டேம்பிங் ஷீட்டை ஒட்டி, நல்ல ஸ்பீக்கரை மாட்டி, கம்பெனி ஸ்பீக்கர் லைனிலிருந்தே ஒலியை எடுத்து சீட்டுக்கடியில் ஒரு சின்ன ஆம்புக்குக் கொடுப்பார்கள். வயரை வெட்டுவதில்லை, வாரண்டிப் பேச்சு வரும் என்பதால் எல்லாம் கப்ளர் வழியாகத்தான். கழற்றிய பழைய ஸ்பீக்கர்களைத் தூக்கிப் போட வேண்டாம் என்று சொல்லி, அட்டைப்பெட்டியில் கட்டியும் கொடுத்துவிடுகிறார்கள். காரை விற்கும்போது அவற்றைத் திரும்ப மாட்டிவிட்டு, ஆம்பையும் ஸ்பீக்கரையும் அடுத்த காருக்கு எடுத்துப்போய்விடலாம்.